இருபது வருடக் குப்பை: கேள்வியும் பதிலும்

தென்சென்னையில் குடியிருப்போர் நலச்சங்கங்களோடு சேர்ந்து குப்பை பிரிக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். நகரத்தின் இருபது வருட நீண்டகாலக் குப்பைத் திட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து ஓர் இல்லத்தரசி: சார், ஒழுங்காக வீட்டு வரி கட்டுகிறோம். குப்பையை அள்ளுவது மாநகராட்சியின் வேலை. இருபது வருடத் திட்டத்தில் எனக்கு என்ன இருக்கிறது?

அம்மா, உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு. அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை வடிந்து வந்து தங்கிப் போகும் இடம் அந்தச் சதுப்பு. ஊருக்கு வெளியே சும்மா கிடக்கும் சேற்று நிலம் என்று நினைத்து, ஒரு காலத்தில் லாரிகளை அங்கே திருப்பிவிட்டார்கள். இன்று மழைத் தண்ணீர் தங்க வேண்டிய இடத்தில் குப்பை தங்கியிருக்கிறது. நவம்பரில் உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

2022 ஏப்ரலில் அந்தக் கிடங்கு பற்றி எரிந்து, நாள் கணக்கில் புகை வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காற்றுப் புகாமல் புதைந்து அழுகும் உணவுக்கழிவிலிருந்து மீத்தேன் வருகிறது. கோடை வெயிலில் அதற்கு ஒரு பொறி போதும். அதே வருடம்தான் பள்ளிக்கரணைக்கு, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களுக்குத் தரும் ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது.

பயோமைனிங், அதாவது தோண்டிச் சலித்துப் பிரிக்கும் முறையில் அந்தப் பழைய குப்பையை எடுக்கும் வேலை நடந்து வருகிறது. பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுழலும் பெரிய சல்லடையில் ஒரு பக்கம் கருத்த மண் கொட்டுகிறது. மறுபக்கம் கிழிந்த சேலை, பால் கவர், ரப்பர் செருப்பு எல்லாம் வந்து விழுகின்றன. பல வருடம் புதைந்தும் பால் கவரில் எழுத்து அழியவில்லை. கொட்டும்போது செலவில்லாத இடம் என்று தோன்றியது. தோண்டி எடுக்க இப்போது கோடிக்கணக்கில் செலவாகிறது, அதுவும் உங்கள் வரிப்பணம்தான்.

வியாசர்பாடியிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் பக்கத்துக் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்கிறார்கள். மலை மாதிரி குவிந்து கிடப்பதற்கு அது தேவலையில்லையா அண்ணே?

தம்பி, அந்த நாற்றத்திலேயே வளர்ந்தவர் நீங்கள். இப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் எதை எரிக்கப் போகிறோம் என்று பாருங்கள். நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி சாம்பார் சாதமும் வாழை இலையும் காய்கறித் தோலும்தான். ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டியவர்களுக்கு இது புரியும். 1987இல் டெல்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளுக்கு 300 டன் எரிக்க ஓர் ஆலை கட்டினார்கள். குப்பையில் போதிய எரிசக்தி இல்லாததால் சில வாரங்களிலேயே நின்றுபோனது.

இன்றைய உலைகள் மேம்பட்டவைதான். ஆனாலும் நன்றாக எரிவது காகிதமும் பிளாஸ்டிக்கும், அதாவது மறுசுழற்சிக்குப் போக வேண்டியவை. எரித்த பிறகும் சாம்பல் மிஞ்சும், அதைக் கொட்டவும் ஓர் இடம் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை ஒப்பந்தம்தான். இப்படிப்பட்ட ஆலைகளுக்கு இருபது, இருபத்தைந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள். தினமும் இத்தனை டன் தர வேண்டும் என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். நாளைக்கு மக்கள் குப்பையைக் குறைத்தால் உலைக்குத் தீனி பத்தாது. அப்போது குப்பையைக் குறைப்பதில் நகரத்துக்கு அக்கறை எங்கிருந்து வரும்? 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்களே, இந்த எரி உலை வேண்டாம் என்று சொல்லத்தான். அனல்மின் நிலையமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. இன்னொரு புகைபோக்கியும் அந்த மக்கள் தலையில்தானா?

அண்ணா நகர் வாசகர்: நாங்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். எதற்குப் பிரிக்க வேண்டும்?

இது உண்மை, எங்கள் தெருவிலும் நடந்திருக்கிறது. தயவுசெய்து தூய்மைப் பணியாளரிடம் கோபப்படாதீர்கள். அவருக்குக் கொடுத்த வண்டியில் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எடைக்குப் பணம் தரும் ஒப்பந்தம் என்றால், ஈரக் குப்பை கலந்து எடை கூடினால் ஒப்பந்ததாரருக்கு லாபம். பிரித்துக் கொண்டுவந்தால்தான் பணம் என்று எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: ஊருக்கு வெளியே தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டினால் பிரச்சினை தீராதா?

கொழும்பில் இருக்கிற உங்களுக்கு மீதொட்டமுல்லவை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். குப்பை மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்ததில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்புறம் கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்கு அனுப்பும் திட்டத்தில் வேகம் காட்டினார்கள், புத்தளம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். தூரம் என்று நாம் சொல்லும் இடம் இன்னொருவருக்கு வீட்டு வாசல்.

கேரளாவில் ஆலப்புழாவின் குப்பை லாரிகளைச் சர்வோதயபுரம் மக்கள் 2012இல் மறித்தார்கள். கொட்ட இடமில்லாத நகரம் வார்டுகளிலேயே உரத்தொட்டிகள் வைத்தது, வீடுகளில் சாண எரிவாயுக் கலன் போல உணவுக்கழிவுக்கும் கலன்கள் வந்தன. முடியும் என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

ஓர் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்: எங்களுக்கு ஏதாவது கட்டாயம் உண்டா?

உண்டு. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படியே நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்கள் ‘பெரும் கழிவு உற்பத்தியாளர்’. மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள்.

தாம்பரம் கல்லூரி மாணவி: இதையெல்லாம் யாரிடம், எப்போது கேட்பது?

உங்கள் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போம்மா. பத்துப் பேர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. பெரிய ஆலை என்றால் சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் கருத்துக்கேட்புக் கூட்டம் வைப்பார்கள். குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வரும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். அதை வாங்கிப் படி. எந்த இடம், எத்தனை வருட ஒப்பந்தம், குப்பை குறைந்தால் அபராதம் உண்டா, சாம்பல் எங்கே போகும்: இந்த நான்கையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்.