வார்ஃபரின் சாப்பிடுபவருக்குத் திடீர் முதுகுவலி, பிறகு கால் விழுந்தது: இனி என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது. நெஞ்சுத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஆறு வாரங்களுக்கு முன், துணி காயப்போடும்போது தோள்பட்டைகளுக்கு நடுவில் சுரீரென்று வலி. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம். மூன்று மணி நேரத்தில் இரண்டு காலும் விழுந்துவிட்டன. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறது என்று அன்றிரவே ஈப்போவில் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது கால்விரலை அசைக்கிறார், தொட்டால் தெரிகிறது. நிற்க முடியவில்லை; சிறுநீருக்கு டியூப். நடப்பாரா? வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் ஒன்று: தைலம் தேய்த்ததால் இது வரவில்லை. தண்டுவட உறைக்கும் எலும்புக்கும் இடையில் வால்வு இல்லாத மெல்லிய சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. முக்கினால், இருமினால், அழுத்தம் நேராக அவற்றுக்குப் போகும். வார்ஃபரின் சிரையைக் கிழிப்பதில்லை. தானாக அடைபட வேண்டிய கசிவை அடைபட விடுவதில்லை. நெஞ்சுப் பகுதியில் எலும்புக் கால்வாய் குறுகல் என்பதால், கட்டிய ரத்தம் சீக்கிரமே தண்டுவடத்தை நசுக்கிவிடும்.

அதனால்தான் எம்.ஆர்.ஐ. எடுத்த கையோடு ரத்தம் உறைய மருந்து கொடுத்து, முதுகெலும்பின் பின்வளைவை அகற்றி ரத்தக்கட்டியை எடுக்கிறார்கள். வைட்டமின் கே வேலை செய்ய மணிக்கணக்காகும்; ஆகவே ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் அடங்கிய ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். கால் விழுந்து 12 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீங்கினால் மீள வாய்ப்பு அதிகம். அந்த வகையில் நீங்கள் தாமதிக்கவில்லை.

நடப்பாரா என்பதற்கு உறுதி சொல்ல முடியாது. ஆனால் விரல் அசைவதும் உணர்வு இருப்பதும் நல்ல அறிகுறி. பெரும்பாலான முன்னேற்றம் முதல் ஆறு மாதங்களில் தெரியும். அதன் பிறகும் மெல்ல மெல்ல வரும். பயண அலைச்சலை நினைத்துப் பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். குதிகால், இடுப்பெலும்பு, பிட்டத்தில் தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். காலுக்கு வெந்நீர்ப் பை வேண்டாம்; உணர்வு குறைந்த தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. டியூபில் வரும் சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும்.

பலர் சொல்லாமல் விடுவது இது. பாதிப்பு மேல்முதுகில் இருப்பதால், திடீரென மண்டை பிளக்கும் தலைவலியும், முகம் சிவந்து வியர்ப்பதும் வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும், இல்லையென்றால் மலச்சிக்கல். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 999-ஐ அழையுங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் ஊருட் (பிடித்துவிடுவது) செய்யவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வார்ஃபரினை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை நரம்பு அறுவை நிபுணரும் இருதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மூட்டுவலிக்கென்று கடையில் விற்கும் ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்தும் வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

கழுத்திலோ முதுகிலோ அதே வலி திரும்பினால், கால் விழும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்தை மறுபடி தொடங்கியிருந்தால், ‘முதுகுவலி’ என்று சொல்வதற்கு முன்பே ‘உபாட் சாயிர் டாரா (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறார், முன்பு தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டியது’ என்று சொல்லுங்கள். வலிக்கு இடுப்பில் ஊசி போட வந்தாலும் இதையே சொல்லி நிறுத்துங்கள்.