ஸ்வெட்டர் துவைப்பது எப்படி? கேள்வி பதில்

மலேசியாவின் கேமரன் மலையில் இரவு 16 டிகிரி வரை இறங்கிவிடும். கீழே ஈப்போவில் பெட்டிக்குள் கிடக்கும் ஸ்வெட்டர் இங்கே அன்றாட உடை. பின்னலும் தையலும் என் தொழில் என்பதால் ரிங்லெட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பழைய துணி விற்கும் பண்டல் கடையில் வாங்கிய ஸ்வெட்டரில் லேபிள் இல்லை. கம்பளியா, செயற்கை நூலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தோட்ட லயத்திலிருந்து ஒரு தம்பி)

உள்பக்கத் தையலோரத்தில் ஒரு துண்டு இழையை வெட்டி எடுங்கள், தம்பி. இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துத் தீ காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் அடித்து, தீயை எடுத்ததும் தானே அணைந்து, ஆறிய பிறகு விரலில் நசுக்கினால் பொடிந்துபோனால் அது கம்பளி. உருகிக் கறுப்பாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். இரண்டும் கலந்த மாதிரி தெரிந்தால் கம்பளி என்றே வைத்துத் துவையுங்கள்.

வழக்கமான சோப்புத் தூள் போடலாமா? மெஷினில் போடலாமா? (தானா ராத்தா, பள்ளி ஆசிரியை)

தூள் வேண்டாம், டீச்சர். நம் தலைமுடியைப் போலவே கம்பளியும் கெரட்டின் என்ற புரதம்தான். கறை போக்குவதற்காகப் பல தூள்களில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சேர்க்கிறார்கள். இரத்தக் கறையை எடுக்கும் அதே என்சைம் கம்பளியையும் அரிக்கும். கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்கான ஷாம்பு போதும். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள், கம்பளியை அது கரைத்தே விடும்.

தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, கையை விட்டால் சூடு உறைக்காத பதம். ஷாம்பைக் கரைத்த பிறகு ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, 10 நிமிடம் ஊறவிட்டு, மெல்ல அமுக்கி அமுக்கி விடுங்கள். தேய்ப்பது, கசக்குவது, முறுக்குவது எதுவும் கூடாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. ஈரத்தோடு சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், துணி சுருங்கித் தடித்துப்போகும். அலசும் தண்ணீரும் அதே பதத்தில் இருக்கட்டும். நம் ஊரில் பைப்பைத் திறந்தால் சில்லென்றுதான் வரும், அதனால் அலச வேண்டிய தண்ணீரையும் முன்பே கலந்து வைத்துவிடுங்கள்.

லேபிளில் அனுமதி இருந்தால் மட்டும் மெஷின். அதுவும் வலைப்பையில் போட்டு, கம்பளிக்கான மோடில்.

கவனமாகத்தான் துவைத்தேன். கொடியில் காயப்போட்டதும் கை இரண்டும் நீண்டு தொங்குகின்றன. (பிரிஞ்சாங், ஓர் அக்கா)

பெரும்பாலான ஸ்வெட்டர்கள் கெட்டுப்போவது துவைக்கும்போது அல்ல, அக்கா, தூக்கும்போதும் காயவைக்கும்போதும்தான். பின்னல் துணி நிறையத் தண்ணீர் குடிக்கும். தோளைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கனம் முழுவதும் கண்ணிகளைக் கீழே இழுக்கும். இரண்டு கையையும் அடியில் கொடுத்து மொத்தமாக அள்ளி எடுங்கள்.

துவைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழுப்புத் தாளில் ஸ்வெட்டரை விரித்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கை நீளம், மார்பு அகலம் எல்லாம் அதில் வந்துவிடும். துவைத்த பின் தடித்த துவாலையில் விரித்து, பாய் சுருட்டுவது மாதிரி துவாலையோடு சுருட்டி, மேலே முழங்கையால் அழுத்துங்கள். துவாலை நனைந்துவிட்டால் இன்னொரு துவாலையில் ஒருமுறை. அப்புறம் தாளில் போட்ட அளவுக்கு ஸ்வெட்டரைத் தட்டித் தட்டிச் சரிசெய்யுங்கள். விளிம்புப் பட்டையையும் மணிக்கட்டுப் பட்டையையும் விரல்களால் நெருக்கிவிடுங்கள், இல்லையென்றால் அவை விரிந்தபடியே காய்ந்துவிடும்.

வெயில் ஊர்க்காரர்களுக்கு இதோடு முடிந்தது. நமக்கு மூடுபனி, அக்டோபர் நவம்பரில் ஓயாத மழை. தரையில் விரித்தால் அடிப்பக்கம் காயாமல் முடை நாற்றம் வந்துவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வலை மேல் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுகிறார்களே, அதே முறைதான் இங்கேயும் வேண்டும். காய்கறி ஏற்றும் ஓட்டைக் கூடைகள் இரண்டைக் கழுவிக் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேலே மெல்லிய பருத்தித் துணி, அதன் மேல் ஸ்வெட்டர். மின்விசிறியைத் தாழ வைத்து ஓடவிடுங்கள். பாதி காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் ஸ்வெட்டர் கம்பளி என்றால் மீண்டும் நனைத்து, கையை நீளவாக்கில் குறுக்கி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். ஓரளவு திரும்பி வரும்.

டோபி கடை டிரையரில் போட்டதில் மகனின் கம்பளி ஸ்வெட்டர் சுருங்கிவிட்டது. பழையபடி ஆகுமா? (ரிங்லெட், ஓர் அம்மா)

பின்னல் கண்கள் இன்னும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள், அம்மா. தெரிந்தால் முயன்று பார்க்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரைக் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். துவாலையில் ஒற்றி, எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, துருப்பிடிக்காத ஊசி குத்திக் காயவையுங்கள். முழு அளவு திரும்பும் என்று சொல்லமாட்டேன். கண்கள் மறைந்து கெட்டித் துணியாகியிருந்தால் மீட்க வழியில்லை. அதை வெட்டினால் நூல் பிரியாது, சூடான சட்டி பிடிக்கும் துணியாகத் தைத்துக்கொள்ளலாம்.

வேலைக்குத் தினமும் போடுகிறேன். தினமும் துவைக்க வேண்டுமா? (தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் அண்ணன்)

கம்பளியை வேண்டாம், அண்ணே. உள்ளே பருத்தி பனியன் போட்டுக்கொண்டு, இரவில் ஸ்வெட்டரைக் காற்றாட விரித்து வைத்தால் பல நாள் தாங்கும். அக்ரிலிக்கில் வியர்வை வாடை தங்கும், அதை அடிக்கடி துவைக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அயன் ஆகாது. சூடு பட்டால் நூல் துவண்டுவிடும், பிறகு எது செய்தாலும் விறைப்பு வராது.

எடுத்து வைத்த ஸ்வெட்டரில் ஓட்டை விழுகிறது. (தோட்டத்து அத்தை)

அந்துப்பூச்சிப் புழுவின் வேலை, அத்தை. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தைத்தான் முதலில் தின்னும். துவைத்து, நன்றாகக் காய்ந்ததும், ஹேங்கரில் மாட்டாமல் மடித்து, இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். ஏற்கெனவே பூச்சி பிடித்ததை பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.