குளுக்கோஸ் ஆராய்ச்சி என்கிறாள் மகள், வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், சர்க்கரை நோயில் சிறுநீரக செல்லுக்குள் குளுக்கோஸ் எப்படிப் போகிறது என்பதைத்தான் மேலே படிப்பேன் என்கிறாள், பேசாமல் பி.எட். சேரச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

அவள் பிடித்திருப்பது நல்ல கேள்வி. தசைக்குள் குளுக்கோஸ் போவதற்குப் பெரும்பாலும் இன்சுலின் தயவு வேண்டும். சிறுநீரக வடிகட்டியில் இருக்கும் மெசாஞ்சியல் செல்லுக்கு அது தேவையில்லை. குளுட்-1 என்ற புரதம் வழியாக, ரத்தத்தில் கூடக் கூட உள்ளேயும் கூடும். போதாக்குறைக்கு, சர்க்கரை ஏறினால் அந்த செல் குளுட்-1ஐயும் அதிகமாக்கிக்கொள்கிறது. 1995இல் எலியின் மெசாஞ்சியல் செல்லில் குளுட்-1ஐ மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். சுற்றிலும் குளுக்கோஸ் சாதாரண அளவுதான். ஆனாலும் செல்கள் சர்க்கரை நோயில் போலவே கொலாஜன் என்ற நார்ப்புரதம் மாதிரியான பொருள்களை அதிகமாகச் சுரந்தன. வடிகட்டி தழும்பேறிக் கெடுவது இப்படித்தான் தொடங்குகிறது.

இன்னொரு புரதம் எஸ்ஜிஎல்டி-2. வடிகட்டி வழியாகச் சிறுநீர்ப் பக்கம் வடிந்துபோன குளுக்கோஸில் சுமார் 90 சதவீதத்தை ரத்தத்துக்குத் திருப்பி இழுப்பது இதுதான். இதைத் தடுப்பவைதான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். வீட்டில் யாராவது சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெயர் இருக்கலாம். இவை சிறுநீரகம் கெடும் வேகத்தையும் குறைக்கின்றன. டாபாவின் காப்புரிமை இங்கே முடிந்துவிட்டது, எம்பாவுக்கு 2025 மார்ச்சில் முடிந்தது. அப்புறம் நம் நாட்டுக் கம்பெனிகள் வரிசையாக இறங்கிவிட்டன.

ஆனால் மாத்திரை தயாரிக்கும் பிரிவில் பி.பார்ம்., எம்.பார்ம்.காரர்களுக்குத்தான் முதலிடம். பயோகெமிஸ்ட்ரிக்காரர்களுக்கு மருந்துப் பரிசோதனை ஒருங்கிணைப்பு, பக்கவிளைவுக் கண்காணிப்பு, நோயறிதல் ஆய்வகம் என்று வேலைகள் உண்டு. ஆரம்பச் சம்பளம் சுமார்தான். டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது ப்ளஸ் டூ முடித்ததும் சேரும் தனிப் படிப்பு.

ஆராய்ச்சி என்றால் எம்.எஸ்சி. இரண்டு வருடம், பிஎச்.டி.க்கு ஐந்து வருடமாவது ஆகும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும், உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். நடுவில் கல்யாணப் பேச்சு எடுப்பீர்கள், அதையும் இப்போதே அவளிடம் பேசிவிடுங்கள்.

முதலில் ஆய்வக வேலை அவளுக்கு ஒத்துவருமா என்று தெரிய வேண்டும். வாரக்கணக்கில் வளர்த்த செல்லில் ஒரு நாள் காலை பூஞ்சை பிடித்திருக்கும், மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அப்போது சலிப்பு வருகிறதா, இல்லை எங்கே தப்பு என்று தேடுகிறாளா? இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும், இரண்டு மாதத்தில் விடை தெரிந்துவிடும். ஆன்லைன் சான்றிதழுக்கென்று ஆயிரக்கணக்கில் கட்டாதீர்கள்.

பிடித்துவிட்டால், மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வு, பயோடெக்னாலஜி தாள். அதில் கணிதமும் இயற்பியலும் உண்டு. ப்ளஸ் டூ புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.