ஹிப்ஹாப், இரவல் தாளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இசை பற்றிய உங்கள் குறிப்பு ஒன்றில் ஹிப்ஹாப்பை நம் காலத்தின் பெரிய கலைகளில் ஒன்று என்று சொல்லியிருந்தீர்கள். என் மகன் நாள் முழுக்க அதைத்தான் கேட்கிறான். நானும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். பாட்டு என்று எதுவும் காதில் விழவில்லை. யாரோ போட்ட இசையை ஓடவிட்டு அதன்மேல் வேகமாகப் பேசுகிறார்கள். இரவல் இசை எப்படிக் கலையாகும்? மிகச் சிறந்தவை என்று நான்கைந்து பாடல்களைச் சொன்னால் மறுபடி முயன்று பார்ப்பேன்.

கே., திருச்சி

அன்புள்ள கே.,

'இரவல்' என்ற உங்கள் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஹிப்ஹாப் இரவலில் பிறந்ததுதான். ஆனால் இரவல் வாங்கியது எதை என்று பாருங்கள்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் அங்கிருந்த பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடைய சகோதரர் கிளைவ். வயது 18, ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். டிஜே கூல் ஹெர்க் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

ஆட வருகிறவர்கள் பாட்டு முழுக்க ஆடுவதில்லை என்பதை ஹெர்க் கவனித்திருந்தார். பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே அவர்கள் காத்திருந்தார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். நம் கச்சேரிகளில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்கள் உண்டு. பிராங்ஸ் பிள்ளைகள் அதற்காகவே வந்தவர்கள். ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதையே தொடங்கினார். நொடிகள் நிமிடங்களாயின. அடுத்து வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் இசைத்தட்டின் மேல் கிரேயானால் அடையாளம் போட்டு, வேண்டிய இடத்துக்குப் பிசகாமல் திரும்பினார். பின்னாளில் 'ராப்' என்று ஆன, மைக்கில் பேசுவதெல்லாம் அப்போது கூட்டத்தை உசுப்புவதற்குத்தான். முதலில் வந்தது காது, வாய் அப்புறம்தான்.

1979-இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' இந்த வகையின் முதல் பெரிய வெற்றி. வரலாற்றுக்காக ஒருமுறை கேட்டால் போதும் என்பது என் கருத்து.

ஆனால் 'தி மெசேஜ்' அப்படியல்ல. 1982-இல் வந்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2012-இல் வெளியிட்ட சிறந்த ஹிப்ஹாப் பாடல்களின் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான், எனக்கும் அதில் மறுப்பில்லை. இசைத்தட்டில் ஃப்ளாஷ் குழுவின் பெயர் இருந்தாலும் வரிகள் பெரும்பாலும் மெல்லி மெல், டியூக் பூட்டி இருவருடையவை. பார்ட்டி வேகத்தை விட்டுத் தாளம் நிதானமாக நடக்கிறது. எங்கும் உடைந்த கண்ணாடி, மூத்திர நாற்றம், எலி, கரப்பான், வேறு இடத்துக்குப் போகக் கையில் காசில்லாமை. கடைசியில் சேரியில் பிறக்கும் ஒரு குழந்தையின் முழு வாழ்க்கையும் ஒரே பத்தியில் வருகிறது. அது சிறைக் கொட்டடியில் தூக்கில் முடிகிறது. அந்தப் பத்தியை மெல்லி மெல் 1979-லேயே வேறொரு வேகமான பாட்டில் பாடிவிட்டார். அங்கே அது கொண்டாட்டத்தோடு கலந்து ஓடிவிடுகிறது. இங்கே, அதே வரிகள், தாளம் இறங்கியதும் ஒப்பாரியாகிவிட்டன. நான் முதல்முறை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட இரவில் வெகுநேரம் தூங்கவில்லை.

எண்பதுகளில் சாம்ப்ளர் வந்தது. இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் கருவி. 1987-இல் வந்த எஸ்பி-1200 மொத்தமே பத்து நொடி ஒலியைத்தான் வைத்துக்கொள்ளும். அந்தப் பத்து நொடிக்குள்தான் எத்தனையோ பேர் தங்கள் உலகத்தை அடைத்தார்கள். பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் தி பவர்' (1989) கேளுங்கள். துணுக்குமேல் துணுக்காக அடுக்கிய அந்த இரைச்சலே அதன் கோபம். நமக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. நிழல்கள் படத்தின் 'மடை திறந்து' பாடலை எடுத்து மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழு 2006-இல் செய்தது இந்த மரபில் வருவதுதான்.

இரவல் என்ற சொல் எனக்கு வலிப்பது வேறோர் இடத்தில். 'ஃபைட் தி பவர்' உட்பட எண்ணற்ற பாடல்களுக்குள் ஓடும் தாளம், அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில நொடிப் பிரேக். பாடலுக்கு உரிமையாளர் பிரவுன். டிரம்ஸ் வாசித்தவருக்கு உரிமையில் பங்கில்லை. 2017-இல் அவர் இறந்தபோது உலகமே அவர் கைக்கு ஆடி முடித்திருந்தது, அந்தத் தாளத்தால் அவர் கண்ட பணம் மிகக் குறைவு. இந்த அநியாயத்தை நான் எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த மாட்டேன்.

சட்டம் வந்தது, ஆனால் இவருக்காக வரவில்லை. பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான வழக்கில் 1991-இல் நீதிமன்றம் அனுமதியில்லாத சாம்ப்ளிங்கைத் திருட்டு என்றே தீர்த்தது. அதன்பின் துணுக்குக்குத் துணுக்கு பணம். பப்ளிக் எனிமி போல அடுக்குவது கட்டுப்படியாகாமல் போயிற்று. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பக்கம் டாக்டர் டிரே என்ற இசைத் தயாரிப்பாளர் பழைய மெட்டுகளை வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி வாசிக்கவைத்தார். கிழக்கே ஒரே ஒரு துணுக்கு, அதைச் சுற்றி நிறைய வெற்றிடம் என்று ஆயிற்று. அந்த வெற்றிடத்தைச் சொல் நிரப்பியது.

சொல்லுக்கான வழியை ரக்கீம் என்ற ராப்பர் 1987-லேயே போட்டிருந்தார். முன்பெல்லாம் வரியின் கடைசியில் மட்டும் இயைபு. சாக்சபோன் வாசித்துப் பழகிய ரக்கீம் அதை வரியின் நடுவில் வைத்தார், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குள் இழுத்துச் சென்றார். அவர் வழியில் வந்தவர் நாஸ். செட்ஜ்விக் பார்ட்டி நடந்த அடுத்த மாதம் பிறந்தவர். 1994-இல் வந்த அவருடைய 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' எனக்கு மிகவும் பிரியமானது. ஜாஸ் தட்டிலிருந்து எடுத்த கனத்த பியானோ, அதன்மேல் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை என்று முணுமுணுத்துவிட்டு மூச்சுவிடாமல் போகிறார் அந்த இருபது வயதுப் பையன். வரிகளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன்.

கடைசியாக கென்ட்ரிக் லாமரின் 'ஆல்ரைட்' (2015). அமெரிக்கத் தெருப் போராட்டங்களில் கூட்டமாகப் பாடப்பட்ட பாட்டு. 2018-இல் அவருடைய இன்னொரு ஆல்பத்துக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் இசைக்கு வெளியே அதைப் பெற்ற முதல் ஆல்பம் அது.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? 'ஃபங்கி டிரம்மர்' நீண்ட வடிவத்தைப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தாண்டியதும் எல்லா வாத்தியங்களும் விலகி டிரம்ஸ் மட்டும் நிற்கும். அதை நான்கைந்து முறை கேட்டுவிட்டு 'ஃபைட் தி பவர்' பக்கம் போங்கள். அந்தத் தாளம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மகனைக் கேளுங்கள். அவர் காட்டுவார்.