வரலாறு படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

"அமெரிக்கக் கறுப்பின மக்கள் போராடிய கதையைப் படித்துவிட்டு இவள் எங்கே வேலைக்குப் போவாள்?" என்று போன வாரம் கேட்டீர்கள். கேட்கும்போது உங்கள் குரல் தழுதழுத்தது. அதனால்தான் உடனே பதில் சொல்லாமல், முதலில் உங்கள் மகளிடம் தனியாகப் பேசினேன்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னாள். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிக் குப்பை லாரியின் பின்பக்கம் ஏறிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரையும் குப்பை அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 12ஆம் தேதி ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டைகளோடு தெருவில் நடந்தார்கள். ஆதரவு தர வந்த கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

"ஏப்ரல் 16 அன்று போராட்டம் முடிந்ததே, எதை ஒப்புக்கொண்டு முடிந்தது?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. நான்கு நாள் கழித்துப் படித்துவிட்டு வந்தாள். தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துத் தர மேயர் ஹென்றி லோப் பிடிவாதமாக மறுத்ததையும், கடைசியில் ஊழியர் கடன் சங்கம் வழியாகப் பிடிப்பது என்று வழி கண்டதையும் விளக்கினாள். சந்தா ஒழுங்காக வராத சங்கம் நிலைக்காது, அதனால்தான் ஒப்பந்தத்தில் அந்த ஒரு நிபந்தனைக்கு அவ்வளவு சண்டை என்று அவளாகவே சொன்னாள். ஐயா, பதினேழு வயதில் இப்படி யோசிக்கும் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீங்கள் கதை என்று நினைத்தது பெரும்பாலும் வேலையையும் கூலியையும் பற்றியது. புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணிசெய்த கறுப்பின ஊழியர்களுக்காக ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் தோன்றியது. முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை போராட வேண்டியிருந்தது. 1963 வாஷிங்டன் பேரணியின் முழுப்பெயரே 'வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி'தான். மறு ஆண்டு வந்த குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு, வேலைக்கு எடுப்பதில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. இதை ஊன்றிப் படிப்பவளுக்குத் தொழிலாளர் சட்டம் அந்நியமாக இருக்காது.

ஆகவே என் யோசனை: பி.ஏ. வரலாறு, அதன்பின் மூன்றாண்டு சட்டப் படிப்பு. பி.ஏ.வோடு மட்டும் நிறுத்தினால் நல்ல வேலை கிடைப்பது கடினம். அதை மறைக்க மாட்டேன். சட்டமும் சேர்ந்தால் தொழிலாளர் வழக்கறிஞர், மனிதவளத் துறை, தொழிற்சங்க ஆலோசனை என்று பல கதவுகள் உண்டு. குடிமைப் பணித் தேர்வுக்கும் இந்த அடித்தளம் உதவும். பி.ஏ. முடித்ததும் சட்டத்தில் மனம் செல்லாவிட்டால், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் முதுகலைப் படிப்புகளைப் பார்க்கலாம்.

அமெரிக்கா போக ஆசைப்படுகிறாள். அதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். அங்கே முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் நம் பணத்தைத்தான் கட்ட வேண்டும். முனைவர் பட்டத்துக்கோ நல்ல பல்கலைக்கழகங்கள் பலவும் கட்டணத்தை விலக்கி உதவித்தொகையும் தருகின்றன. பொறுத்திருந்து அதற்கே விண்ணப்பிக்கட்டும். அதுவரை ஆங்கிலத்தில் கனமான நூல்களை வேகமாகப் படிக்கப் பழக வேண்டும். இப்போது அவள் தடுமாறும் இடம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மாலை மகளோடு வாருங்கள். துணைவியாரையும் அழைத்து வாருங்கள். கல்லூரி விண்ணப்பங்களை இங்கேயே நிரப்பிவிடலாம்.