வயதான நாயைத் தத்தெடுத்தால் சேமிப்பு கரைந்துவிடுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 63. கணவர் காலமாகிவிட்டார். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. பென்ஷன் 34,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 24,000 போக, பேத்தி பேரில் மாதம் 5,000 ஆர்.டி. கட்டுகிறேன். வங்கியில் 6.6 சதவீத வட்டியில் 8 லட்சம் டெபாசிட் இருக்கிறது, அடுத்த மாதம் முதிர்கிறது. சேமிப்புக் கணக்கில் 1.4 லட்சம். கடன் இல்லை. வண்ணார்பேட்டைப் பக்கம் ரோட்டில் கிடந்த ஒரு கிழட்டு நாயை இங்குள்ள விலங்கு நலக் குழுவினர் மீட்டு, தற்காலிகமாக என்னிடம் விட்டார்கள். சிப்பிப்பாறைக் கலப்பு, பத்து வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார் டாக்டர். இதய வால்வில் கசிவு, பின்னங்காலில் மூட்டு வலி. செவலை என்று கூப்பிடுகிறேன். மருந்து, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து மாதம் 3,300 ஆகிறது. மருந்துச் செலவைக் குழு தருகிறது. இப்போது தத்தெடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகள் வேண்டாம் என்கிறாள். என் அக்காவோ, 'ஏட்டி, கிழட்டு நாய்க்கு மருந்து வாங்கவா பென்ஷன் வாங்குதெ?' என்கிறாள். இன்சூரன்ஸ் எடுத்தால் சமாளிக்க முடியுமா?

பதில்: டீச்சர், உங்கள் வரவு செலவு இந்த நாயைத் தாங்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தத்தெடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.

தற்காலிக வளர்ப்புக்கு வைத்திருக்கும்வரை வைத்தியச் செலவு குழுவுடையது. தத்தெடுத்த நாளிலிருந்து அது உங்களுடையது. செவலைக்கு இரண்டும் ஒன்றுதான்: அதே திண்ணை, அதே தட்டு, அதே நீங்கள். அதனால் குழுவினரிடம் நேராகக் கேளுங்கள்: 'கடைசிவரை என் வீட்டிலேயே இருக்கட்டும், சாப்பாடும் பராமரிப்பும் என் பொறுப்பு, இதய மருந்தை நீங்கள் தொடர்ந்து தருவீர்களா?' வயதான, நோயுள்ள நாய்களுக்கு இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளும் குழுக்கள் உண்டு. பாதிச் செலவை ஏற்றாலும் நல்லதுதான். எது பேசினாலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முடியாமல் போனால் நாயைத் திரும்ப ஏற்பார்கள் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். மகளின் கவலையில் பாதி அந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

முடியாது, தத்துதான் என்று சொன்னால்? அப்போதும் வழி இருக்கிறது. முதிரும் டெபாசிட்டில் 5 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். நான் இதை எழுதும்போது அதன் வட்டி 8.2 சதவீதம். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மாற்றலாம், ஆனால் நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டும் மாறாது. 5 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 41,000. காலாண்டுக்கு 10,250 கைக்கு வரும், மாதக் கணக்கில் 3,400 சொச்சம். செவலையின் இன்றைய செலவு முழுக்க அதிலேயே அடங்கிவிடுகிறது, முதல் அப்படியே உங்களிடம் இருக்கிறது. இப்போதைய 6.6 சதவீதத்தோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 8,000 கூடுதல். ஓராண்டுக்குள் முடித்தால் வாங்கிய வட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், அதன்பிறகும் முன்கூட்டி முடித்தால் போட்ட தொகையில் ஒன்று, ஒன்றரை சதவீதம் போகும். அதனால்தான் மீதி 3 லட்சத்தை வங்கியிலேயே விடச் சொல்கிறேன். அது உங்கள் உடம்புக்கு. பென்ஷனர் மருத்துவக் காப்பீட்டில் எல்லாச் செலவும் அடங்குவதில்லை.

ஆனால் இந்த 3,300 இப்படியே நிற்காது. இதய நோய் முற்ற முற்ற மருந்தின் அளவு கூடும், நீர் பிரிக்கும் மாத்திரை சேரும், சிறுநீரகத்தைப் பார்க்க ரத்தப் பரிசோதனை அடிக்கடி வரும். ஐயாயிரம் ஆகும் என்றே கணக்குப் போடுங்கள். கூடுதலாக வரும் 1,700-ஐ உங்களிடம் மாதம் மிஞ்சும் 5,000 தாங்கும். பேத்தியின் ஆர்.டி.யில் கைவைக்க வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் இங்கே உதவாது. நாய்களுக்குப் பாலிசி இருக்கிறது என்றாலும் இந்த வயதில் புதிதாகச் சேர்ப்பது அரிது. சேர்த்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் வராது, செவலைக்குச் செலவு வைப்பதே அந்த நோய்தான். அந்தப் பிரீமியத்துக்குப் பதில் சேமிப்புக் கணக்கிலிருந்து 40,000 எடுத்துத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். திடீர் மூச்சுத் திணறல், ஆக்சிஜன், இரண்டு நாள் அட்மிஷன் என்று வந்தால் அதைத் தொடலாம். நகை அடகு மட்டும் வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு நாய் திணறும்போது எந்தச் செலவுக்கும் தலையாட்டிவிடுவோம். எதுவரை வைத்தியம், எப்போது வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பலாம் என்பதை, செவலை வாலாட்டிக்கொண்டு நன்றாக இருக்கும் ஒரு நாளிலேயே டாக்டரிடம் பேசி வையுங்கள். பேசக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சு நாயையும் காப்பாற்றும், உங்கள் கையிருப்பையும் காப்பாற்றும்.

செலவைக் குறைக்கவும் வழிகள் உண்டு. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை தனியார் கிளினிக்கைவிட மலிவு. ஆட்டோவுக்குக் கொடுத்தாலும் மிச்சம்தான். மருந்துச் சீட்டில் ஜெனரிக் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபுரோஸ்மைடு, எனலாப்ரில் போன்றவை மனிதர்களுக்கும் தரும் மாத்திரைகளே, மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் மூட்டு வலிக்கு வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக்கையோ பாராசிட்டமாலையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அது விஷமாகிவிடலாம். மிச்சமான கருவாட்டையும் போடாதீர்கள், உப்பு இதயத்துக்கு ஆகாது. சொதிச் சோறும் வேண்டாம், அதில் வெங்காயம் இருக்கும், அது நாய்க்கு ஆகாது.

காசே செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. செவலை அயர்ந்து தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணி காலண்டரில் குறியுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. மறுபடி எண்ணிப் பார்த்தும் அதற்கு மேலேயே நின்றால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்தக் கட்டத்தில் மாத்திரையைக் கூட்டியே பல நேரம் சமாளித்துவிடலாம். விட்டுவிட்டால் அட்மிஷன்தான், அந்த 40,000-இல் பெரும்பகுதி ஒரே வாரத்தில் போய்விடும்.

வரிச் சலுகை கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். நாய் வைத்தியத்துக்கு மருத்துவச் செலவுக்கான வரிக் கழிவு கிடையாது. குழுவுக்கு நன்கொடைக் கழிவுக்கான பதிவு (80ஜி என்பார்கள்) இருந்து, நீங்கள் அவர்களுக்கு நன்கொடையாகக் கொடுத்தால் பழைய வரி முறையில் கழிவு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செல்லாது.

உயில் எழுதும்போது ஒன்று கவனிக்க வேண்டும். நாயின் பேரில் பணம் எழுதினால் நம் சட்டத்தில் செல்லாது. பார்த்துக்கொள்ளச் சம்மதித்த ஆளின் பேரில்தான் எழுத முடியும். பக்கத்து வீட்டில் செவலையோடு பழகியவர் யாராவது இருந்தால் இப்போதே கேட்டுப் பாருங்கள். அவர் சரி என்றால், அந்த 40,000 கணக்கில் அவரை நாமினியாகப் போடுவதோடு உயிலிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அக்காவுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மகளிடம் குழு எழுதித் தந்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் பேசுங்கள். டெபாசிட் முதிர்ந்ததும் ஆதார், பான், இரண்டு போட்டோவோடு பாளையங்கோட்டை தலைமை அஞ்சலகத்துக்குப் போங்கள். 5 லட்சத்தையும் காசோலையாகவே கொடுங்கள், நாமினியாக மகளையே போடுங்கள்.