மகளுக்குக் கிடைத்த எழுத்து வேலை: வெள்ளவத்தைத் தாயாருக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உயர்தரத்தில் கலைப் பிரிவில் பயின்று, தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் ஒரு பாடமாக எடுத்த உங்கள் மகளுக்குக் கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனமொன்று தன் இணையத்தளத்துக்குக் கட்டுரை எழுதும் பயிலுநர் இடம் தர முன்வந்திருப்பதாகவும், இதை ஒரு தொழிலாக நம்பலாமா என்று வீட்டில் எல்லோரும் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். நம்பலாம். ஆனால் இந்த வேலையின் தரம் அதைத் தரும் நிறுவனத்தைப் பொறுத்தது. ஆகவே சம்மதம் சொல்லுமுன் சிலவற்றை விசாரித்தே ஆக வேண்டும்.

தெமட்டகொடையில் ஓரியன் சிட்டி, மருதானையில் ட்ரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி ஆகிய தொழினுட்ப வளாகங்களில் இயங்குவன போன்ற நிறுவனங்கள் பலவற்றுக்கு வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள். சிறிய நிறுவனமொன்று அத்தனை தூரத்துக்கு விற்பனையாளரை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அங்கே ஒரு பொறியியலாளர் தமக்கு நேர்ந்த சிக்கலைக் கூகுளில் தேடுகையில், அதே சிக்கலைத் தாங்கள் எவ்வாறு தீர்த்தோம் என்று கொழும்பு நிறுவனம் தெளிவாக எழுதி வைத்திருந்தால், முகம் தெரியாத அந்த நிறுவனத்தின்மீது அவருக்கு முதல் நம்பிக்கை பிறக்கிறது. 2005 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 (WSO2) என்ற மென்பொருள் நிறுவனம் எவரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளைக் கொண்டே உலகச் சந்தையில் இடம்பிடித்தது. இலவசமாக எடுத்தவர் பின்னர் பணம் செலுத்திச் சேவை பெறும் நிலைக்கு வருவதில் நல்ல விளக்கக் கட்டுரைகளுக்கும் பங்குண்டு. உழவு இயந்திரங்கள் செய்யும் ஜோன் டியர் நிறுவனம் 1895 இலேயே விவசாயிகளுக்குப் பயன்படும் செய்திகளோடு ஓர் இதழை வெளியிடத் தொடங்கியது என்பதால், பயனுள்ளதை எழுதி வாடிக்கையாளரை ஈர்க்கும் இந்த வழி இணையத்துக்கும் மூத்தது.

என்னிடம் ஆலோசனை பெற்ற ஒரு மாணவர் இதே போன்ற வேலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் விலகினார். வாரத்துக்கு ஐந்து கட்டுரைகள் எழுதச் சொன்னார்கள்; ஆனால் பொறியியலாளர் எவருடனும் பேசும் வாய்ப்பைத் தரவில்லை. வேறு தளங்களில் இருந்தவற்றைச் சொல் மாற்றி எழுதுவதைத் தவிர அவருக்கு வழியிருக்கவில்லை. அடுத்த நேர்முகத் தேர்வில் தன்னுடையது என்று காட்ட அவரிடம் ஒரு கட்டுரைகூட இல்லாமற்போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆகவே, எழுதும் விடயத்தை விளக்க எந்தப் பொறியியலாளர் நேரம் ஒதுக்குவார், எழுதியதை யார் திருத்துவார், கட்டுரை மகளின் பெயரில் வெளிவருமா என்று நிறுவனத்திடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதங்களுக்குள் வாடிக்கையாளர்கள் வந்து குவிய வேண்டும் என்று எதிர்பார்க்கும் நிறுவனமாயின் தயங்குங்கள். தேடுபொறியில் ஒரு தளம் மேலேறுவதற்கும், வாசித்தவர் வாங்குபவராக மாறுவதற்கும் பல மாதங்கள் ஆகும். அதை அறியாத நிறுவனங்கள் இடையிலேயே கைவிட்டுவிட்டுப் பழியை எழுதியவர்மீது போடுகின்றன.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடாதா என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஏற்கெனவே வெளிவந்ததைத் திருப்பி எழுதும் வேலையை அது பறிக்கும். சென்ற மாதம் தங்கள் நிறுவனத்தின் கட்டண முறைமை ஏன் தடைப்பட்டது, அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் உட்கார்ந்து கேட்டறிந்து எழுதுபவரின் தேவை எளிதில் குறையாது.

படிப்பை நிறுத்த வேண்டாம். இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவகத்தின் கற்கைநெறிகளையோ கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டத்தையோ வேலையோடு சேர்த்துத் தொடரலாம். மகளின் விருப்பத்தைப் பார்க்கையில் நான் இரண்டாவதையே தேர்வேன். எழுதும் பொருளை அறிந்தவருக்கே இத்துறையில் மதிப்பு. எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

நிறுவனத்துக்குப் பதில் சொல்வதற்கு இன்னும் இரு வாரங்கள் இருப்பதால், மகளை ஒரு பயிற்சி செய்யச் சொல்லுங்கள். காலி வீதியில், கைப்பேசியால் பணம் செலுத்துவதற்கான லங்கா கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கும் கடையொன்றில், வாங்குபவரின் வங்கியிலிருந்து கடையின் கணக்குக்குப் பணம் எவ்வாறு வந்து சேர்கிறது, எங்கே சிக்கல் வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டு, ஏறத்தாழ 600 சொற்களில் ஆங்கிலத்தில் எழுதட்டும். அதை எனக்கு அனுப்பி வையுங்கள். வாசித்துவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லி நாள் குறிக்கிறேன்.